மென்பிளாஸ்டிக் புழுவால் பாஸ் மீன் பிடிப்பது: டெக்சாஸ் ஏரிக்கரைக்குப் புதியவர்களுக்கு

வேலை நிமித்தமாக டல்லாஸ் பக்கம் வந்து சேர்ந்த நண்பர்களில் யாராவது ஒருவர், வசந்தம் தொடங்கியதும், ஏரிக்கரையில் நின்று பாஸ் மீன் பிடிக்க என்னென்ன வாங்க வேண்டும் என்று ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறார். கேட்பதற்கு முன்பே பெரும்பாலும் கடைக்குப் போய், மர மீன், சுழலும் தகடு, ரப்பர் தவளை என ஒரு பெட்டி நிறைய வாங்கியும் வந்திருப்பார். அவற்றை எல்லாம் ஓராண்டுக்கு ஓரமாக வைத்துவிட்டு, ஏழு அங்குல மென்பிளாஸ்டிக் புழு ஒரு பொட்டலம், அதைக் கோக்கத் தகுந்த தூண்டில் முள் ஒரு பொட்டலம், சிறு எடைக்குண்டுகள் சில, இவ்வளவு மட்டும் எடுத்துக்கொண்டு வரச் சொல்வேன். மற்ற இரைகள் இழுத்த இழுப்பில் மினுங்கும், அதிரும், சலசலக்கும். புழுவோ நாம் அசைத்தால்தான் அசையும். ஆனால் நீருக்கடியில் இருப்பது மண்ணா கல்லா கட்டையா என்பதைத் தூண்டில் நரம்பின் வழியாக விரலுக்குச் சொல்வதில் அதற்கு இணையானது இல்லை. மீன் கடித்ததைக் கண்டுகொள்ளும் பழக்கம் புழுவில் வந்துவிட்டால், மற்ற இரைகளைக் கற்க அதிக நாளாகாது.

மீனைப் பற்றிச் சில

இங்கே பாஸ் என்று சொல்வது லார்ஜ்மவுத் பாஸை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய இந்த நன்னீர் மீன் சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர்க் கொடுவாவின் ஆங்கிலப் பெயரிலும் பாஸ் என்ற சொல் வருவதுண்டு என்றாலும் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. பசுமை கலந்த உடல், பக்கவாட்டில் வால்வரை ஓடும் கரிய பட்டை, வாய் மூடியிருக்கும்போது கண்ணின் பின் விளிம்பையும் தாண்டிப் போகும் மேல்தாடை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் லார்ஜ்மவுத் என்று கொள்ளலாம். குணத்தில் அதற்கு நெருக்கமானதை நம் குளங்களில் தேடினால் விராலைத்தான் சொல்ல வேண்டும். பாசி, மரக்கட்டை, பாறை என ஏதாவது ஒன்றின் ஓரமாக அசையாமல் நின்று, எட்டும் தூரத்தில் வருவதை ஒரே பாய்ச்சலில் எடுப்பது இரண்டுக்கும் வழக்கம். சிறுவயதில் விரால் பிடித்தவர்கள் பாஸை எங்கே தேடுவது என்று என்னிடம் அதிகம் கேட்டதில்லை.

அது இரையை எடுக்கும் விதத்தை மட்டும் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். பாஸ் பெரும்பாலும் கடித்து இழுப்பதில்லை. வாயையும் செவுள் மூடிகளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் விரிக்க, தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடுகிறது. பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பியும் விடும். ஆகவே கரையில் நிற்பவருக்குப் பெரிய இழுப்பு எதுவும் தெரியாமலேயே, மீன் புழுவை வாங்கி, சுவைத்து, துப்பிவிட்டுப் போயிருக்கக்கூடும். முதல் சில நாட்களில் இன்று மீனே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

இந்த மீனின் உலகச் சாதனை 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதற்குச் சமமாக ஏற்கப்பட்டது. டெக்சாஸின் மாநிலச் சாதனை 1992-இல் லேக் ஃபோர்க் ஏரியில் கிடைத்த 18.18 பவுண்டு மீன். புதியவர் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டுதான். மூன்று பவுண்டைத் தாண்டினால் படம் எடுத்து ஊருக்கு அனுப்பலாம்.

முதலில் உரிமம்

டெக்சாஸில் பதினேழு வயது நிரம்பியவர் பொது நீர்நிலைகளில் மீன்பிடிக்க உரிமம் வாங்க வேண்டும். வழக்கமான ஆண்டு உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும் என்பதால், ஜூலையில் வாங்கிவிட்டு அடுத்த ஜூலைவரை செல்லும் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்த பிறகே உள்ளூர்வாசிக்குரிய குறைந்த கட்டணம் பொருந்தும். நேற்று வந்து இறங்கியவருக்குக் கட்டணம் கூடுதல். அதுவரை செலவில்லாமல் பழகிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாநிலப் பூங்காக்களின் எல்லைக்குள் கரையில் நின்று பிடிப்பவருக்கு உரிமம் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் செலுத்தினால் போதும். ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுவதும் உரிமம் இல்லாமல் பிடிக்க அனுமதிக்கிறார்கள்.

மாநிலப் பொது விதிப்படி லார்ஜ்மவுத் பாஸ் 14 அங்குலத்திற்குக் குறையாமல் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் கூடாது. ஏரிக்கு ஏரி தனி விதிகளும் உண்டு. லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்திற்கும் 24 அங்குலத்திற்கும் இடைப்பட்ட மீனை உடனே விட்டுவிட வேண்டும். பெரிதாக இருக்கிறதே என்று மகிழ்ந்து பையில் போட்டால் அபராதம் வரும் இடம் அது. போகும் ஏரியின் விதியை முந்தின இரவே படித்துவிட்டுப் போவது நல்லது.

வாங்க வேண்டியவை

தூண்டில் கோலும் ரீலும் வாங்கும்போது, ரீல் கோலுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் வகையே புதியவருக்கு ஏற்றது. மேலே அமரும் பெய்ட்காஸ்டர் ரீல் கைப்பழக்கம் வரும்வரை எறியும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள்ளேயே நரம்பைச் சிக்குப்போட்டுவிடும். மீன் பிடிக்க வந்தவர் கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருப்பார். ஆறரை முதல் ஏழு அடி நீளம், மீடியம் அல்லது மீடியம் ஹெவி வலு, ஃபாஸ்ட் என்று குறிப்பிட்ட நுனி, 2500 அல்லது 3000 அளவுள்ள ரீல் ஆகியவை போதும். ஃபாஸ்ட் என்றால் கோலின் நுனிப்பகுதி மட்டும் வளைந்து, அடிப்பகுதி விறைப்பாக நிற்கும் என்று பொருள். நுனி மென்மையாக இருந்தால்தான் கடி தெரியும், அடி விறைப்பாக இருந்தால்தான் முள் ஏறும்.

நரம்புக்கு 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃப்ளூரோகார்பனைப் பரிந்துரைக்கிறேன். அது சாதாரண நைலான் நரம்பைப் போல் மிதக்காமல் மூழ்குகிறது, தண்ணீரில் கண்ணுக்கு அதிகம் தெரிவதில்லை. பின்னல் நரம்பு இதைவிடக் கூர்மையாக உணர்த்தும் என்றாலும், அதன் முனையில் ஃப்ளூரோகார்பனை இணைக்க இன்னொரு முடிச்சைக் கற்க வேண்டும். அது அடுத்த ஆண்டு வேலை.

முள் ஆஃப்செட் வகையாக, அதாவது வளையத்திற்குக் கீழே இரண்டு முறை மடிந்து படிக்கட்டு போல் இறங்கும் தண்டு உடையதாக, 3/0 அளவில் இருக்க வேண்டும். புழு அந்தப் படியில்தான் வந்து உட்காருகிறது. குண்டு தோட்டா வடிவில், நடுவில் துளையுடன் இருக்கும். எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய மூன்றரை கிராம், கரையிலிருந்து பிடிக்கப் போதுமானது. காற்று பலமாக இருந்தாலோ ஆழம் மூன்று மீட்டரைத் தாண்டினாலோ கால் அவுன்ஸுக்கு மாறலாம். ஈயக்குண்டு விலை மலிவு. டங்ஸ்டன் குண்டு பல மடங்கு விலை என்றாலும், அதே எடைக்குச் சிறிதாகவும் கடினமாகவும் இருப்பதால் அடியில் கல்லைத் தொட்டால் கணீரென்று கைக்குத் தெரியும். நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் லூன் என்னும் நீர்ப்பறவை சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி இறப்பதால் அவற்றுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஈயத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

புழுவைப் பொறுத்தவரை இன்று கடையில் தொங்கும் எல்லாவற்றுக்கும் மூத்தது 1949-இல் ஓஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நிக் கிரீம் தம் வீட்டுச் சமையலறையில் உருக்கி ஊற்றிய புழு. பின்னாளில் அவருடைய தொழில் டெக்சாஸின் டைலர் நகருக்கு வந்தது. செய்முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. பாலிவினைல் குளோரைடை மென்மையூட்டும் எண்ணெயோடு கலந்து சூடாக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். உப்பும் வாசனையும் சிலர் சேர்க்கிறார்கள். நேர்வாலும் வாங்கலாம், நாடா போல் சுருண்ட வாலும் வாங்கலாம். நான் சுருண்ட வாலையே முதலில் கொடுப்பேன், ஏனென்றால் எறிந்தவர் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது விழும்போது வால் தானே அலையும். நிறத்தில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தெளிந்த நீருக்குப் பழுப்பு கலந்த பச்சை, கலங்கிய நீருக்குக் கருநீலம், இந்த இரண்டு பொட்டலங்களுக்கு மேல் வாங்குவது வீண் செலவு.

வாங்கியதை அதன் பொட்டலத்திலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டு நிறங்களை ஒன்றாகப் போட்டால் சாயம் ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு ஊறிவிடும். மிதக்கும் வகையான, அதிகம் இழுபடும் வேறொரு பிளாஸ்டிக்கில் செய்த புழுக்களையும் இவற்றையும் கலந்து வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகஸ்ட் மாத வெயிலில் காருக்குள் விட்டுச் சென்ற ஒரு பெட்டியைத் திறந்தபோது நான் கண்டது, அல்வாவைப் போல் ஒன்றாகத் திரண்டிருந்த பதினைந்து டாலர் மதிப்புள்ள ஒரு கட்டி.

முடிச்சும் கோவையும்

முதலில் தோட்டாக் குண்டின் கூர்முனை கோலைப் பார்த்திருக்குமாறு அதை நரம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு நரம்பின் முனையை ஒரு சாண் நீளத்திற்கு இரட்டையாக மடித்து, மடிந்த முனையை முள்ளின் வளையத்தில் நுழைத்து, அந்த இரட்டை நரம்பாலேயே தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, மிஞ்சியிருக்கும் கண்ணிக்குள் முள்ளை முழுவதுமாக நுழைத்து வெளியே எடுங்கள். இப்போது எச்சிலால் ஈரமாக்கி மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்த நரம்பை வேகமாக இறுக்கினால் உராய்வுச் சூட்டில் வலு குறைந்துவிடும். இதற்குப் பாலோமர் முடிச்சு என்று பெயர்.

அடுத்தது டெக்சாஸ் ரிக் எனப்படும் கோவை. முள்நுனி புழுவின் உடலுக்குள் மறைந்திருப்பதால், பாசியிலும் கட்டையிலும் மாட்டாமல் வருவதே இதன் பயன். முள்நுனியைப் புழுவின் தலையின் நட்டநடுவில் குத்தி, ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் உள்ளே செலுத்தி, ஒரு பக்கமாக வெளியே எடுங்கள். புழுவைத் தண்டு வழியாக மேலே நகர்த்தி, வளையம் தலைக்குள் மறையும் வரையில், அந்தப் படிக்கட்டு மடிப்பு தலைக்குள் உட்காரும் வரையில் கொண்டுவாருங்கள். பிறகு முள்ளை அரை வட்டம் திருப்பினால் அதன் நுனி புழுவின் உடலைப் பார்த்து நிற்கும்.

பெரும்பாலோர் தவறும் இடம் இதற்கு அடுத்தது. புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவை அதன் மேல் வைத்துப் பார்த்து, வளைவின் அடிப்பகுதி புழுவில் எங்கே படுகிறதோ அந்த இடத்தை நகத்தால் அடையாளம் செய்துகொள்ளுங்கள். புழுவைச் சற்றுக் கூன்போட வைத்து, அடையாளமிட்ட இடத்தில் முள்ளைச் செங்குத்தாகக் குத்தி மறுபக்கம் வெளியே எடுத்துவிட்டு, புழுவை விட்டால் அது கோடு போட்டதுபோல் நேராகத் தொங்க வேண்டும். அரை விரல் வால் பக்கமாகத் தள்ளிக் குத்தினால் புழு தொய்ந்து சுருங்கும்; தலைப் பக்கமாகக் குத்தினால் வில்லாக இழுபடும். இரண்டும் தண்ணீரில் பம்பரம் போல் சுற்றி, நரம்பை முறுக்கேற்றிவிடும், எந்த மீனும் அதைத் திரும்பிப் பார்க்காது. சரியில்லை என்று தோன்றினால் கழற்றி மறுபடியும் கோக்க வேண்டும். சோம்பலுக்கு இடமில்லாத வேலை இது. கடைசியாக, வெளியே வந்த முள்நுனியைப் புழுவின் மேல்தோலுக்கு அடியில் மெல்லியதாக ஒரு தையல் போல் செருகிவிடுங்கள். விரலால் வருடினால் நுனி குத்தக் கூடாது, ஆனால் சற்று அழுத்தினால் வெளியே வந்துவிட வேண்டும்.

எறிவதும் விழவிடுவதும்

எங்கே எறிவது என்பதற்கு லேக் ஃபோர்க் ஒரு நல்ல பாடம். டெக்சாஸின் பெரும்பாலான ஏரிகளைப் போல அதுவும் அணை கட்டி உண்டாக்கியதே. 1980-இல் நீர் தேக்கத் தொடங்கியபோது காடாக இருந்த மரங்களில் பலவற்றை வெட்டாமல் நிற்கவே விட்டுவிட்டார்கள். சுமார் 27,000 ஏக்கர் நீர்ப்பரப்பில் அந்தப் பட்ட மரங்கள் இன்றும் தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் நிழலும் ஒரு மீன் ஒளிந்திருக்கக்கூடிய இடம். உங்கள் வீட்டருகே உள்ள சிறிய குளத்தில் மரம் இல்லாவிட்டாலும், பாசி முடிந்து வெறுநீர் தொடங்கும் எல்லை, படகுத்துறையின் நிழல், மழைநீர் வந்து விழும் குழாயின் வாய், கரை சட்டென்று ஆழமாகும் மேடு என ஏதாவது இருக்கும். நடு ஏரியை நோக்கி வீசி எறிவது புதியவரின் முதல் ஆசை. கரையை ஒட்டியே இணையாக எறிவது அதைவிடப் பலன் தரும்.

புழு தண்ணீரில் விழுந்ததும் ரீலைச் சுற்றாதீர்கள். நரம்பை வெளியே விடும் ரீலின் கம்பி வளையத்தைக் கையாலேயே மூடிவிட்டு, கோலின் நுனியைப் புழு இருக்கும் திசையில் நீட்டி, நரம்பை இழுக்காமலும் முழுவதும் தொய்யவிடாமலும் புழுவோடு சேர்த்து இறக்குங்கள். நரம்பை இறுக்கிப் பிடித்தால் புழு ஊஞ்சலைப் போல் உங்களை நோக்கி வளைந்து வரும். விட்டுக்கொடுத்தால் மரத்தின் அடியிலேயே நேராக இறங்கும். புழுவுக்கு வரும் கடிகளில் பெரும்பகுதி அது விழும் நேரத்தில்தான் வருகிறது. ஆகவே விழும்போது மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். அடியைத் தொட்டதும் நரம்பு தளர்ந்து படுக்கும். முதல் எறியில் ஆறு எண்ணும்போது அடியைத் தொட்ட இடத்தில், மூன்றாவது எறியில் நான்கு எண்ணும்போதே நரம்பு நின்றுவிட்டால், இடையில் யாரோ வாங்கிக்கொண்டார்கள் என்று பொருள்.

அடியைத் தொட்ட புழுவை அசைக்க ரீலைப் பயன்படுத்தக் கூடாது. கோலைத்தான் பயன்படுத்த வேண்டும். கிடைமட்டத்திலிருந்து கோலை மெதுவாகத் தலையளவுக்கு உயர்த்தினால் புழு ஓரடி இரண்டடி எழும்பும். உடனே கோலைத் தாழ்த்தி, புழு மீண்டும் விழுவதற்கு இடம் கொடுத்து, மிஞ்சிய தொய்வை மட்டும் ரீலில் சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு சற்று நிற்கட்டும். எவ்வளவு நேரம் என்றால், புதியவருக்கு அலுப்புத் தட்டும் நேரத்தைப் போல இரண்டு பங்கு. இருபது மீட்டர் எறிந்த புழு கரைக்கு வந்து சேர இரண்டு நிமிடம் எடுத்தால் வேகம் சரி. அரை நிமிடத்தில் வந்துவிட்டால் அது மீனுக்காக இழுத்தது ஆகாது.

இப்படி இழுக்கும்போது அடித்தளத்தைக் கை படிக்கத் தொடங்கும். சேறாக இருந்தால் ஈரத்துணியை இழுப்பது போல் கனமாக வரும். சரளைக் கல்லில் குண்டு டிக் டிக் என்று சிறு தட்டல்களாகத் தெரியும். பாசியில் மெத்தென்று பிடித்து, இழுக்க இழுக்க எடை கூடும். மரக்கிளையில் ஏறும்போது ரப்பரை இழுப்பது போல் மெல்ல வளைந்து, கிளையைத் தாண்டியதும் சட்டென்று எடையற்றுப் போகும். அந்தத் தாண்டலுக்கு அடுத்த நொடியில், புழு கிளையின் மறுபக்கம் விழும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நரம்பைப் பாருங்கள். எனக்கு நினைவில் நிற்கும் மீன்களில் பாதிக்கு மேல் அந்த நொடியில் கிடைத்தவை.

கடியும் இழுப்பும்

கடி சில சமயம் விரலில் இரண்டு தட்டல்களாகத் தெரியும். பல சமயம் அதுவும் தெரியாது. தண்ணீரைத் தொடும் இடத்தில் நரம்பு ஒரு துள்ளல் துள்ளும், அல்லது பக்கவாட்டில் மெல்ல நகரத் தொடங்கும், அல்லது புழு இருக்கும் இடமே தெரியாதபடி எடை காணாமல் போகும், அப்போது மீன் புழுவை வாயில் வைத்துக்கொண்டு உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும். இதனால்தான் கோலின் நுனியைப் பார்ப்பதைவிட நீர்மட்டத்தில் நரம்பைப் பார்க்கச் சொல்கிறேன். கண்கூச்சத்தை நீக்கும் போலராய்டு கண்ணாடி இதற்கு மிகவும் உதவும். தெறிக்கும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் அதன் இன்னொரு பயன்.

கடி என்று தோன்றியதும் அப்படியே இழுத்துவிடக் கூடாது. கோலை நீரை நோக்கித் தாழ்த்தி, தொய்வை விரைவாகச் சுற்றி, நரம்பு நேரானதும் கோலை மேலும் பின்னும் ஒரே வீச்சாக உயர்த்த வேண்டும். முள்நுனி முதலில் புழுவின் தோலைக் கிழித்து, பிறகு மீனின் தாடையில் ஏற வேண்டியிருப்பதால் இந்த வீச்சில் தயக்கம் கூடாது. அதே நேரம், முழுவதும் விழுங்கட்டும் என்று பத்து எண்ணிக் காத்திருந்தால் முள் தொண்டைக்குள் போய் மீனைக் கொன்றுவிடும். ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் போதும். கடியா கட்டையா என்று ஐயம் வந்தால் இழுத்துவிடுங்கள், கட்டை கோபித்துக்கொள்ளாது.

மாட்டிய மீன் தண்ணீருக்கு மேலே துள்ளி, தலையை உதறி முள்ளை எறியப் பார்க்கும். நரம்பு மேல்நோக்கிச் சரிவதைக் கண்டால் கோலைத் தாழ்த்தி, நரம்பைத் தளரவிடாமல் வைத்திருங்கள். முள் கட்டையில் மாட்டிக்கொண்டால் பலங்கொண்டு இழுப்பது அதை ஆழமாகக் குத்தவே செய்யும். நரம்பைத் தளர்த்தி, கோலின் நுனியை மட்டும் படபடவென்று ஆட்டினால் குண்டு பின்னுக்கு மோதி முள்ளை விடுவிக்கும். அதற்கும் வரவில்லை என்றால் கரையோரமாக நடந்து எதிர்த்திசையிலிருந்து இழுத்துப் பார்க்கலாம். எப்படி இழுத்தாலும் முகத்தை நோக்கி இழுக்காதீர்கள். அறுந்த நரம்போடு குண்டு திரும்பி வரும் வேகம் சிறிதல்ல.

காலமும் கரையும்

நீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வசந்தத்தில் பாஸ் முட்டையிடக் கரையோரத்து ஆழமற்ற பகுதிக்கு வருகிறது. கரையில் நிற்பவருக்கு ஆண்டிலேயே நல்ல காலம் அது. ஆண் மீன் குழிபறித்து முட்டைகளைக் காவல் காக்கும்போது அதைப் பிடித்து எடுத்தால், சிறு சன்ஃபிஷ்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால், அக்காலத்தில் பிடித்த மீனைப் பிடித்த இடத்திலேயே உடனே விடுவது வழக்கம். கோடையில் விடியற்காலையும் அந்தியும் தவிர்த்த நேரத்தில் மீன் ஆழத்திற்கோ துறையின் நிழலுக்கோ போய்விடும்; நடுப்பகலில் கரையில் நின்று வாடுவதில் பயனில்லை. குளிர்காலத்தில் மீன் இருக்கும், ஆனால் சோம்பியிருக்கும். மேலே சொன்ன வேகத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

கரையில் நிற்குமுன் காலடியைப் பாருங்கள். டெக்சாஸ் ஏரிக்கரைகளில் நெருப்பெறும்புப் புற்று கண்ணுக்குத் தெரியாமல் புல்லுக்குள் இருக்கும். செருப்போடு போகாமல் மூடிய காலணியோடு போவது அதற்காக. நீரோரப் புதரில் காட்டன்மவுத் என்னும் நச்சுப்பாம்பும் இருக்கக்கூடும் என்பதால், முள் மாட்டிய இடத்தில் புதருக்குள் கையை விட்டுத் துழாவக் கூடாது. படகில் போனால், 26 அடிக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உயிர்காப்பு உடையை அணிந்தே இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பெரியவர்களும் அணிவதில் கூச்சம் வேண்டாம்.

கைக்கு வந்த மீன்

பாஸின் பற்கள் உப்புத்தாள் போல் சொரசொரப்பாக இருக்குமே தவிரக் கடிக்காது. கட்டைவிரலை அதன் கீழுதட்டுக்குள் விட்டு, ஆள்காட்டி விரலை வெளியே மடித்துப் பிடித்தால் மீன் அசையாமல் அடங்கும். முள் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விரலை உள்ளே விட வேண்டும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் கிடைமட்டமாகத் தொங்கவிட்டால் அதன் மூட்டு பழுதாகும். மறு கையை நனைத்துக்கொண்டு வயிற்றடியில் தாங்க வேண்டும். உலர்ந்த கையும் சூடான கல்லும் மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பை உரித்துவிடும், பிறகு அது நோய்ப்பட்டு இறக்கும். படம் எடுப்பவர் தயாரான பிறகு மீனைத் தண்ணீரிலிருந்து எடுங்கள், தூக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பேசியைத் தேடாதீர்கள்.

முள்நுனிக்குக் கீழே எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் குறட்டால் முன்பே நசுக்கி வைத்திருந்தால் முள்ளை எடுப்பது எளிது; சொந்த விரலில் ஏறினாலும் எளிது. தொண்டைக்குள் போய்விட்ட முள்ளைக் குடைந்து எடுக்க முயல்வதைவிட, நரம்பை வாயருகே வெட்டிவிட்டு மீனை விடுவது அதற்குப் பிழைக்க வாய்ப்புத் தரும்.

நான்கைந்து மீன் மாட்டிய பிறகு புழுவின் தலை கிழிந்து, முள்ளில் நிற்காமல் வழுகத் தொடங்கும். அரை அங்குலம் கிள்ளி எறிந்துவிட்டு மீண்டும் கோக்கலாம், கிள்ளிய துண்டை எறியும் இடம் உங்கள் சட்டைப்பையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நீரில் கரையாது. அடியில் கிடக்கும் துண்டை மீன் விழுங்கினால் அது வயிற்றிலேயே தங்கி ஊதிப்போகும். நேர்வால் புழுவாக இருந்து மூன்று அங்குலமாகத் தேய்ந்துபோனால், அதைக் குண்டும் முள்ளும் ஒன்றாக வார்த்த காளான் தலை முள்ளில் நேராகக் கோத்து அடியில் நகர்த்தலாம். நெட் ரிக் என்று கடையில் தனியாக விற்பதும் ஏறக்குறைய அதுதான். வீட்டில் ஒரு பழைய ஊறுகாய்ப் புட்டியில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வைக்கிறேன். புட்டி நிறைந்ததும், ஊற்றும் அச்சு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அதை வாங்கிப்போய் உருக்கி, எந்த நிறம் என்று சொல்ல முடியாத புதிய புழுக்களாகத் திருப்பித் தருகிறார், அவற்றிலும் மீன் மாட்டத்தான் செய்கிறது.